மூக்கா, நெத்தியா?

விழுப்புரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேரை விரல் டாக்டருக்கு முகத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. மற்றபடி எல்லாரையும் நன்றாகத் தெரியும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வாசல் போர்டில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. ஸ்டேஷனில் இறங்கி ரிக்‌ஷாக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் “யாரு சார் அது?” என்பார். ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினால் “அட, அவரா! ஏறு சார்” என்று கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். காசை வாங்கிய வேகத்தில், தன்னையும் உள்ளே கூப்பிட்டுவிடப் போகிறாரே என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிடுவார்.

கூப்பிடக்கூடியவர்தான். ஆண்பிள்ளைக்கு ஐம்பது வயது ஆகிவிட்டால், அவன் எதற்காக வந்திருந்தாலும் சரி, திரும்பிப் படுக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். காது வலிக்கு வந்தவர் படுத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கூடப் படுத்திருக்கிறார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிக்காரர் ஒருவர் இருமலோடு உள்ளே போனார். தட்டிக் கதவு என்பதால் உள்ளே பேசுவது ரோடு வரைக்கும் கேட்கும்.

“டாக்டரே, எனக்கு இருமல். அது மேல இல்ல இருக்குது?”

“மேல பாத்தாச்சு. இப்ப கீழ. திரும்பிப் படுய்யா.”

“இன்னா டாக்டரே, பேஜாரா போச்சு! வூட்ல ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேனே!”

“வூட்ல பர்மிசன் வாங்கிக்கினு வர்ற வேலையாய்யா இது? மூச்ச இழுத்து வுடு.”

வெளியே பெஞ்சில் இருந்த நாலைந்து பேர், தங்கள் வியாதி குணமாகிவிட்ட முகத்தோடு எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

ஆனால் கேட்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிக்கொடுப்பதில் டாக்டருக்கு அலுப்பே கிடையாது. “மூத்திரப்பைக்குக் கீழ பாக்கு அளவுல ஒரு சுரப்பி இருக்குது. புராஸ்டேட்டுன்னு பேரு. ஆம்பளைக்கு மட்டும்தான். வயசானா வீங்கும், அது சாதாரணம். ஆனா அதுலயே கேன்சரும் வரும். ஆரம்பத்துல வலிக்காது, காட்டிக் குடுக்காது. வெரல வெச்சுப் பாத்தாதான் தெரியும்” என்பார். பிறகு தன் மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டுவார். “இந்த மாதிரி மெத்துனு இருந்தா பயமில்ல, வூட்டுக்குப் போ.” விரல் மெதுவாக மேலே ஏறி நெற்றியில் நிற்கும். “இந்த மாதிரி கல்லா இருந்தா, பஸ் ஏறு.” பஸ் என்றால் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஊரில் இது ஒரு பாஷையாகவே ஆகிவிட்டது. பரிசோதனை முடிந்து வெளியே வருபவரிடம் பெஞ்சில் இருப்பவர்கள் “மூக்கா, நெத்தியா?” என்று கேட்பார்கள். “மூக்குப்பா, மூக்கு!” என்று அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே போவார்.

ரப்பர் கையுறைகளைக் கழுவி, பவுடர் போட்டு, மறுபடி பயன்படுத்திய காலம் அது. கிளினிக்குக்குப் பின்னால் கொடியில் வரிசையாகக் காயும். காற்றடித்தால் பத்துப் பதினைந்து வெள்ளைக் கைகள் வா வா என்று கூப்பிடும். அந்தச் சந்தில் குறுக்கு வழியாகப் போகும் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள்.

இந்தக் கதையில் நான் எங்கே வருகிறேன்? கழுத்தில் டையோடு வருகிறேன். கண்டமங்கலத்தில் மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தவனைப் பி.எஸ்ஸி. முடித்த பாவத்துக்காக ஒரு மருந்துக் கம்பெனி ரெப்பாக எடுத்துக்கொண்டது. சித்திரை வெயிலில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முழுக்கைச் சட்டையும் டையுமாக நான் நிற்கும்போது, ஏதோ ஆங்கில மீடியம் ஸ்கூலில் இருந்து தப்பித்து வந்த பெரிய பையன் என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஒரு கிழவி “பரிட்ச முடிஞ்சிடுச்சா கண்ணு?” என்றே கேட்டுவிட்டார்.

டாக்டருக்கும் நான் ‘டை’தான். என் பெயரைக் கேட்டதே இல்லை. முதல் தடவை போனபோது, எங்கள் கம்பெனி டானிக்கைப் பற்றி மனப்பாடம் செய்த இங்கிலீஷை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கேட்டு முடித்துவிட்டு, “நீ குடிச்சிருக்கியா?” என்றார். இல்லை என்றேன். “குடிச்சுட்டு வா” என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். குடித்தேன். அடுத்த மாதம் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து அவர் மேஜையில் விழுந்தது. “வேல செய்யுதுடா” என்று சிரித்தார். வாழ்க்கையில் என்னால் நிரூபிக்கப்பட்ட ஒரே மருந்து அதுதான்.

திண்டிவனத்தில் இன்னொரு டாக்டர் இருந்தார். வெயிலோ மழையோ, வீட்டுக்குள்ளேகூடக் குடையைக் கீழே வைக்காததால் குடை டாக்டர். இரண்டு பேரும் மெட்ராஸில் ஒன்றாகப் படித்தவர்கள், ஹாஸ்டலில் ஒரே அறை. ஆனால் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. குடை டாக்டர் வெறும் வீக்கம் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த ஒலக்கூர் விவசாயி ஒருவர் விழுப்புரம் வந்திருக்கிறார். விரல் டாக்டர் பார்த்தால், நெத்தி. உடனே ஒரே ஒரு கையுறையைக் கவரில் போட்டுத் திண்டிவனத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். கடிதமில்லை, கையெழுத்தில்லை. கையுறை மட்டும். அன்றோடு முடிந்தது சிநேகம்.

இரண்டு ஊருக்கும் போய்வருகிறவன் நான் ஒருவன்தான். அதனால் இரண்டு பேரும் தவறாமல் கேட்பார்கள். என் டானிக்கைப் பற்றி அல்ல.

“அவன் இன்னும் இருக்கானா?” என்பார் இவர்.

“இருக்காரு சார்.”

“அவன் இன்னும் இருக்கானா?” என்பார் அவர்.

“இருக்காரு சார்.”

கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்தது இந்தச் சேவைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் ஒரு வினோதம் நடந்தது. நான் இங்கிலீஷை ஆரம்பித்ததும் விரல் டாக்டர் எழுந்து உள்ளே போய்விட்டார். வந்து உட்கார்ந்தார். நான் விட்ட இடத்தில் தொடங்கினேன். மறுபடி எழுந்து போனார். அடுத்த மாதமும் அதே கதை. நான் என்ன நினைத்தேன்? என் பேச்சு அவ்வளவு தாங்க முடியாமல் போய்விட்டது என்று நினைத்தேன். பேச்சைப் பாதியாகக் குறைத்தேன். டையை மாற்றினேன். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினேன். அதற்கும் எழுந்து போனார். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதையும், முகம் சுண்டிப்போயிருப்பதையும் கவனிக்க வேண்டிய பி.எஸ்ஸி. படித்த ரெப்பான நான், சிரிப்பில் எத்தனை பல் தெரிய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டம்மாதான் என்னைச் சந்துப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார். “தம்பி, உன் பேச்சுக்காக ஒண்ணும் எழுந்துக்கல. மூத்திரம் சரியா போவலியாம். எப்பப் பாத்தாலும் பாத்ரூமே கதின்னு இருக்காரு. இடுப்பு வலிங்கறாரு. காட்டுங்கன்னா, வயசானா அப்பிடித்தான்னு எம்மேல எரிஞ்சு வுழறாரு.”

‘வயசானா அப்படித்தான்’ என்று சொன்ன எத்தனை பேரை அவர் பெஞ்சிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்திருக்கிறார்! உள்ளே போய், இருக்கிற தைரியத்தையெல்லாம் டை முடிச்சில் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“சார், நீங்க யார்கிட்டயாவது காட்டணும்.”

“எவன்கிட்ட? இந்த ஜில்லாவுல எவனுக்குடா வெரல்ல கண்ணு இருக்குது?” என்று கத்தினார். அப்புறம் குரல் இறங்கியது. “ஒருத்தனுக்கு இருக்கு. ஒரு தடவ தப்பு பண்ணவன், அப்புறம் பண்ணியிருக்க மாட்டான். அவன்கிட்ட மட்டும் நான் போவ மாட்டேன். நீ உன் பாட்டில எடுத்துக்கினு கிளம்பு.”

கிளம்பினேன். திண்டிவனத்துக்கு. குடை டாக்டர் வழக்கம்போல என் பையைப் பார்க்காமலே கேட்டார்.

“அவன் இன்னும் இருக்கானா?”

“இருக்காரு சார்” என்றேன். வழக்கமாக அதோடு நிறுத்துவேன். அன்றைக்கு நிற்கவில்லை. “ஆனா இப்பிடியே வுட்டா இருக்க மாட்டாரு சார்” என்று வீட்டம்மா சொன்னதையெல்லாம் கொட்டிவிட்டு, வாசலில் பெஞ்சு நிறைய நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, டையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அந்த டைக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை.

அவர் எழுந்தார். மேஜை டிராயரிலிருந்து ஏதோ ஒரு கவரை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். குடையை எடுத்தார். “வா, பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார்.

விழுப்புரம் வந்ததும் நேராக உள்ளே போவார் என்று பார்த்தேன். இல்லை. எல்லாரையும்போல டோக்கன் வாங்கிக்கொண்டு, குடையை மடியில் வைத்து, பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார். முறை வந்ததும் போனார். தட்டிக் கதவுக்கு இந்தப் பக்கம் வீட்டம்மாவும் நானும் நின்றோம்.

“நீ எதுக்குடா வந்த?”

“டோக்கன் இருக்குது. பேஷண்ட்டு.”

“இன்னா கம்ப்ளெயிண்ட்டு?”

“எங்கூட படிச்சவன் ஒருத்தன். ஊருக்கெல்லாம் பாக்கறான், தனக்குப் பாத்துக்க மாட்டேங்கறான். அதான் கம்ப்ளெயிண்ட்டு. திரும்பிப் படுடா.”

நாற்காலி ஒன்று நகர்ந்தது.

“பயமா இருக்குடா” என்றது விரல் டாக்டரின் குரல். அந்தக் குரலை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. வீட்டம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

“எனக்கும்தான்டா. படு. நீ அனுப்பின கையுறைய இத்தினி வருசமா வெச்சிக்கினு இருக்கேன். அதாலயே பாக்கறேன்.”

‘பட்’ என்று ஒரு சத்தம்.

“இன்னாடா?”

“கிழிஞ்சு போச்சு. ரப்பரு மக்கிப்போச்சு.”

“பின்ன, தங்கமா அது? டேய் டை! கொடியில இருந்து ஒண்ணு எடுத்துக்கினு ஜல்தி வா!”

ஓடினேன். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மருத்துவச் சேவை செய்யப்போகிறேன் என்ற பெருமையில் கொடியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு பறந்து வந்தேன். உள்ளே நீட்டினேன். இரண்டு டாக்டர்களும், பல வருஷத்துக்கு அப்புறம் ஒற்றுமையாக, ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். நான் கொண்டுபோனது இடது கை.

வலது கையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். குடை டாக்டர் வெளியே வந்தபோது, பெஞ்சு மொத்தமும் அவர் கையைத்தான் பார்த்தது. யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. அவர் கை மூக்கைத் தாண்டிப் போனது. வியர்வையைத் துடைக்கப் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துடைக்கவில்லை. நெற்றியில் வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

பாண்டிச்சேரிக்குக் குடை டாக்டரே கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள், ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், இடுப்பெலும்பைப் படம் பிடித்தார்கள். கேன்சர்தான். இடுப்பெலும்பில் ஒரு மூலையில் அது எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ஆண் ஹார்மோன்தான் இந்த வியாதிக்குத் தீனி. விதை இரண்டையும் எடுத்துவிட்டால் தீனி நிற்கும், வியாதி வேரோடு போகாவிட்டாலும் சுருண்டு படுத்துக்கொள்ளும் என்றார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். எனக்கு அதைக் கேட்டபோதே கால் இரண்டும் தானாகச் சேர்ந்துகொண்டன. ஆஸ்பத்திரி வராண்டாவில் மயங்கி விழுந்ததும் நான்தான். ஆபரேஷனுக்குப் போக வேண்டியவர் என் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

திரும்பி வந்தவருக்கு இடுப்பு வலி குறைந்தது, சிறுநீர் சீரானது. ஆனால் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் அனலடிக்கும், வியர்த்துக் கொட்டும். என் கம்பெனி விளம்பர அட்டைகளை முதன்முறையாக ஆசையோடு வாங்கி விசிறிக்கொண்டார்.

“ஃபேன வையேன்டி!” என்று கத்துவார்.

“எனக்கு அம்பது வயசுல இப்பிடித்தான் இருந்துச்சு. எல்லாம் மனசுதான்னு சொன்னீங்களே?” என்பார் வீட்டம்மா.

“தெரியாம சொல்லிட்டேன்டி. மன்னிச்சுக்கோ. ஃபேன வை.”

அதற்கப்புறம்தான் அவரைக் கண்டு ஓடுவது நின்றது. படுக்க மறுப்பவரிடம் “எனக்கே இருந்துச்சுய்யா. எனக்கே பயமா இருந்துச்சு. வா” என்பார். வந்தவர் மறுபேச்சில்லாமல் திரும்புவார். கிளியனூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குடை டாக்டரும் வந்து உட்கார்ந்துகொள்வார். சந்தேகமான கேஸுக்கு இரண்டாவது விரல்.

நான் மட்டும் படுத்ததில்லை. ஒரு நாள் கேட்டேன், “எனக்கு எப்ப சார்?” என்று. “இப்ப இன்னா அவசரம்? அம்பது ஆனதும் வாடா டை” என்றார்.

எனக்கு ஐம்பது ஆனபோது அவர் இல்லை. அவருடைய வியாதி படுத்தே கிடந்தது. பல வருஷம் கழித்து நெஞ்சுவலிதான் வந்து கூட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு வருஷமும் போக நினைத்து, ஒவ்வொரு வருஷமும் என் வீர பராக்கிரமம் தடுத்து, அறுபதும் தாண்டிவிட்ட பிறகு, போன மாதம்தான் ஒரு சின்ன வயசு டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு “நார்மலா இருக்கு சார், கிளம்பலாம்” என்றார்.

“ஒரு தடவ வெரலாலயும் பாத்துடுங்க டாக்டர்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டினார். நானே திரும்பிப் படுத்தேன்.

முடிந்ததும் “மூக்கா, நெத்தியா?” என்றேன். அவருக்குப் புரியவில்லை; “சாஃப்டாதான் இருக்கு சார், பயமில்ல” என்றார். நான் சுவரைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“ஏன் சார் அழறீங்க? வலிக்குதா?”

“இல்லைங்க” என்றேன். “எங்க டாக்டர் வரச் சொல்லியிருந்தாரு. லேட்டா வந்துட்டேன்.”