மஞ்சள் குருவிகளுக்கு இடம் ஒதுக்கிய வைபவம்

உலகத்தில் எத்தனையோ கோட்டைகள் இருந்திருக்கின்றன. ஆனால் ஒரு குருவி சிறகை விரித்தால் எங்கே இடிக்கும் என்று கவலைப்பட்ட கோட்டை எங்கள் பழவேற்காட்டுக் கோட்டை ஒன்றுதான். உலாந்தாக்காரரின் டச்சுக் கொடி பறந்த அந்தப் பொற்காலத்தில் துபாஷியாக இருந்து, அவர்கள் கருணையை இரண்டு பாஷைகளிலும் கண்டவன் நான்.

கோட்டைத் துரையின் மனைவி சீமையிலிருந்து மஞ்சள் குருவிகள் கொண்டுவந்திருந்தார். அவை பாடின, தின்றன, சண்டை போட்டன. குஞ்சு மட்டும் பொரிக்கவில்லை. துரைசானி சாப்பிடாமல் படுத்துவிட்டார். உடனே ஆலோசனை சபை கூடியது. கூண்டு பற்றிய கூட்டம் என்பதால் ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் செய்த கூண்டு தேவாலயக் கோபுரம் போல ஒடுக்கமாக, உயரமாக இருந்தது.

"குருவி என்ன ஏணியா ஏறும்? பக்கவாட்டில் அல்லவா பறக்கும்! நீளம் வேண்டும்" என்றார் கோட்டை வைத்தியர்.

அடுத்தது நீளமாக வந்தது. எல்லா ஜோடிகளையும் அதில் ஒன்றாக விட்டார்கள். ஆண் குருவிகள் ஒன்றையொன்று கொத்தி மொட்டையாக்கின. கடைசியில் அந்த ‘மகத்தான தீர்மானம்’ பிறந்தது: ஜோடிக்கு ஒரு கூண்டு, இரண்டு சிறகையும் விரித்தால் கம்பியில் படக்கூடாது, கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே காற்று போகவேண்டும்.

அத்தனை கூண்டையும் எங்கே வைப்பது? காற்று வரும் ஒரே இடம் ஏரிப்பக்கக் கிடங்கு. அதில் ஏற்கெனவே ‘சரக்கு’ இருந்தது. பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்து மாட்டிக்கொண்ட எங்கள் ஜனங்கள்தான் அந்தச் சரக்கு. கடல் தாண்டி அடிமைகளாக விற்க, படாவியா கப்பலுக்காக அடைத்து வைத்திருந்தார்கள்.

"அவர்களை ஜன்னல் இல்லாத கிடங்குக்கு மாற்று. இந்த ஜன்னலின் கம்பிகளைப் பெயர்த்து அகலமாக்கு" என்று துரை உத்தரவிட்டார். கம்பி பெயர்க்கும் வேலை, அளவுகோலோடு நின்றிருந்த படகுத் தச்சன் துளசிங்கத்துக்கு.

அந்த நேரம் பார்த்து இறால் கூடையோடு வந்தாள் பச்சையம்மா. ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். அவள் தம்பி குப்பன் கிடங்குக்குள் இருந்தான்.

"இன்னா பேசிக்கினு கீறாங்க சாமி?" என்று என்னைக் கேட்டாள்.

"குருவி றெக்கைய விரிச்சா இடிக்கக்கூடாதாம்."

"எந்தம்பி கைய நீட்டுனா பக்கத்துல கீறவன் மூக்குல இடிக்குது. அதையும் கேளு."

மொழிபெயர்த்தேன். சபை ஆழ்ந்து யோசித்தது. வைத்தியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் பச்சையம்மா.

"உன் தம்பி முட்டை வெப்பானான்னு கேக்கறாரு."

அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். துளசிங்கத்தை மட்டும் ஒருமுறை பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான்.

மறுநாள் மதியம், கோட்டையே உண்டு உறங்கும் வேளையில், துளசிங்கம் உத்தரவுப்படி கம்பிகளைப் பெயர்த்தான். அதற்குமுன் ஆட்களை வேறு கிடங்குக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றவேண்டிய காவலன் குறட்டையில் இருந்தான். வெளியே ஏரியில் பச்சையம்மாவும் அவள் சொந்தக்காரர்களும் தோணிகளோடு நின்றார்கள். கிடங்கில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே ஒவ்வொருவராக இறங்கினார்கள். குப்பன் மட்டும் ஜன்னலில் தொங்கினான்.

"குதிடா!"

"மரத்துப்போச்சுக்கா, காலு வரமாட்டேங்குது!"

"கால வுட்டுட்டு நீ வாடா!"

அவளே அவனைப் பிடித்து இழுத்துத் தோணியில் போட்டாள். விழுந்தவன் மல்லாந்து கிடந்தபடி இரண்டு கைகளையும் அகலமாக விரித்தான். யார்மேலும் இடிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் பச்சையம்மா அழுதாள். துளசிங்கம் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசித் தோணியில் ஏறினான்.

மாலையில் விசாரணை. துரை மனமுடைந்து போயிருந்தார்.

"இப்படி ஓடிவிட்டார்களே, நன்றி கெட்ட ஜனங்கள்! அவர்களுக்கு ஆளுக்கு எவ்வளவு இடம் விட்டிருந்தோம்?"

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். குருவிக்கு விரற்கடை சுத்தமாக அளவு சொன்ன அந்த மாபெரும் சபையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் காவலன்தான் வாயைத் திறந்தான்.

"அதுக்கெல்லாம் அளவு ஏது தொரை? கதவு சாத்தற வரைக்கும் உள்ள தள்ளுவோம்."

மொழிபெயர்த்தேன். துரையின் முகம் மலர்ந்தது.

"கதவு சாத்த முடிந்ததல்லவா? அப்படியானால் புகாருக்கே இடமில்லை!"