ஒன்பது நாவல்களும் ஒரு கன்றுக்குட்டியும்

சேஜ் கிரீக், மொன்டானா

மதிப்பிற்குரிய ஆசிரியர் பர்ச் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பு மாணவி வின்னி ஹாகன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. காரணம் தாங்கள்தான்.

எங்கள் ஊர் எழுத்தாளர் ஓபல் ட்ரெஸ்காட் பற்றி 'வாழ்வும் எழுத்தும்' என்று தங்கள் வார இதழுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். குளிர்காலம் முழுக்க அவருடைய ஒன்பது நாவல்களையும் படித்து, விறைத்த விரல்களை அடுப்பில் காட்டிக் காட்டி எழுதியது. ஓரறைப் பள்ளியில் அவர் படித்தது, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து முதல் கதை எழுதியது, பெரிய விருது வாங்கச் சாணி ஒட்டிய பூட்ஸோடு மேடையேறியது எல்லாம் அதில் இருந்தது. இந்த வார இதழைப் பிரித்தால், காளை ஏல விளம்பரத்துக்குக் கீழே நான்கே வரி! பனிப்புயலில் பக்கத்துப் பண்ணை லைல் மாமாவின் பசுவுக்குப் பிரசவம் பார்த்து, தலை முதலில் வந்த கன்றை அவர் இழுத்துப் போட்டது மட்டும்! நாவல் என்ற சொல்லே இல்லை. ஆனால் காளைக்கு மட்டும் அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தாவின் எடை வரை போட்டிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்துக்கே ஓடி வந்து கேட்டேன். என்ன சொன்னீர்கள்?

"கோவிச்சுக்காதம்மா. ஓபலை ஊருக்கே தெரியும். அந்தக் காளையை யாருக்கும் தெரியாதே!"

தெரியுமா? தீவனக் கடையில் லைல் மாமாவிடம் ஓபல் அத்தையின் நாவல்களைப் பற்றிக் கேட்டேன். "ஓபல் எழுதுறாளா? எதுக்கு? பண்ணை நல்லாத்தானே போயிட்டிருக்கு?" என்று வருத்தப்பட்டார். நூலகத்தில் அத்தையின் நாவல் ஒன்று கால்நடை நோய்கள் பகுதியில் இருக்கிறது. அட்டையில் பசு படம் இருக்கிறதாம். யாரோ எடுத்துப் போய், "பாதி வரைக்கும் படிச்சுட்டேன், இன்னும் ஒரு மருந்துகூடச் சொல்லல" என்று திட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் எழுதத்தான் போகிறேன், ஐயா. இந்த ஊரில் இருந்துகொண்டே. அவருக்கே நாலு வரி என்றால் எனக்கு என்ன மிஞ்சும்? அடுத்த சனிக்கிழமை ஓபல் அத்தை பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிறார்கள், ஊரே உதவிக்குப் போகும். 'அதற்குள் நீங்கள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அத்தை' என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் எந்த முகத்தோடு போய்க் கன்றின் காலைப் பிடிப்பேன்?

என் கட்டுரையை முழுதாக, முதல் பக்கத்தில் போடுங்கள். இல்லையென்றால் எங்கள் வீட்டுச் சந்தாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்படிக்கு,
வின்னி ஹாகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஓபல் அத்தையின் டிரக் வாசலில் வந்து நின்றது. கையில் உங்கள் இதழ், முகம் செக்கச்செவேல். எனக்காகச் சண்டை போட வந்துவிட்டார் என்று நெஞ்சு நிறைந்தது.

"யாருடி எழுதினது, தலை முதல்ல வந்துச்சுன்னு?"

"நான்தான் அத்தை."

"தலை முதல்ல வந்தா லைலே இழுத்திருப்பானே! என்னை எதுக்குக் கூப்பிடறான்? பின்னங்கால்டி முதல்ல வந்துச்சு! சனிக்கிழமை ஊரே வரும். என் மானம் போகுதா இல்லையா?"

"அத்தை, உங்க நாவலைப் பத்தி ஒரு வரிகூட..."

"அதை விடு. அதை எவன் படிக்கறான்? இதை ஊரே படிச்சிருச்சு!"

ஆகவே ஐயா, மேலே கேட்டபடி கட்டுரையை அச்சிட வேண்டாம். சந்தாவையும் நிறுத்த வேண்டாம். பின்னங்கால் என்று ஒரு திருத்தம் மட்டும் வியாழக்கிழமை இதழில் போடுங்கள். காளைக்கு மேலே.