பீரோவில் பூட்டிய ரௌட்டர்

பரீட்சை முடிகிற வரைக்கும் டிவி பார்ப்பதில்லை என்று சபதம் செய்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் தாராளமாகச் சபதம் செய்யலாம். மனைவி பக்கத்தில் இருக்கும்போது செய்யக்கூடாது. மறுநாள் காலையிலேயே கேபிள்கார எல்லப்பன் ஏணியோடு வந்துவிட்டார்.

எங்கள் செங்கல்பட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் பரீட்சைக் காலத்தில் கேபிளைப் பிடுங்கிவிடுவது வழக்கம்.

"யாருக்கு சார் பரீட்சை?" என்றார் எல்லப்பன், ஏணி உச்சியிலிருந்து.

"எனக்குத்தான்."

அவர் இறங்கி வந்து என் நரைத்த மீசையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். இன்டர்நெட்டும் அவர் கொடுத்ததுதான். அதைத் தொட வேண்டாம், அது பாடம் என்று கெஞ்சி ஒயரைக் காப்பாற்றினேன்.

மஸ்கட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். நாவலூரில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட்டோடு வந்தால்தான். ஒரே ஒரு வாய்ப்பு. தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை மைத்துனன் துரை முடிவு செய்து வைத்திருந்தான். மாமல்லபுரத்தில் அவனுக்கு ஒரு லாட்ஜ் உண்டு.

"பெயிலானா கவலப்படாத மாமா. நம்ம லாட்ஜ்ல ரிசப்ஷன் காலியாத்தான் கீது. பஸ்ஸாண்டு பக்கம் நின்னு வெள்ளக்காரனப் பாத்து 'ரூம், ரூம்'னு சொன்னாப் போதும். நீதான் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவியே."

ராத்திரித் தூக்கத்தில் நான் 'ரூம், ரூம்' என்றதாக என் மனைவி ஜோதிலட்சுமி சொன்னாள்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய ரௌட்டர் ஒன்றை வாங்கிவந்து ஹாலில் வைத்து, மாடியறையிலிருந்த என் கம்ப்யூட்டர் வரைக்கும் நீல ஒயர் இழுத்தேன். ரௌட்டர் என்றால் வாட்ச்மேன் மாதிரி. யாரை விடலாம், யாரைத் துரத்தலாம் என்று நாம் எழுதிக் கொடுக்கிற பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பார். பட்டியலில் பேர் இல்லாதவனுக்குக் கதவு திறக்காது. அந்தக் கடைசி விதியை மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதாமலேயே அமலில் இருக்கும். கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பட்டியல் புதிர்களைத்தான் நான் போட்டுப் பழக வேண்டியிருந்தது. இந்தியா பாகிஸ்தானுக்குக் கிரிக்கெட் ஆடப் போயிருந்த வருஷம் அது. புதிருக்குப் பின்னால், கம்ப்யூட்டரின் இன்னொரு சன்னலில் பந்துக்குப் பந்து ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது. படியில் காலடி கேட்டால் ஒரு விரலில் மாற்றிவிடுவேன்.

ஒருநாள் மத்தியானம் ஜோதிலட்சுமி காபியோடு வந்தாள்.

"இன்னாங்க, கீழ வரைக்கும் கேக்குது? எதுக்கு 'ஐயோ'ன்னீங்க?"

"கான்ஃபிகரேஷன் தப்பாயிடுச்சு ஜோதி."

"அடுத்த வூட்டு லதா புருஷனும் அதே நேரத்துல 'ஐயோ'ன்னாரே. அவருக்கும் தப்பாயிடுச்சா?"

நான் காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்தேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஜோதிலட்சுமி மேனிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற டீச்சரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் ஒரு தாளை நீட்டினாள்.

"நானே ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். பத்து மார்க். முடியுதான்னு பாருங்க."

அழகான கையெழுத்தில் இருந்தது: 'ஓர் அலுவலகத்தில் ஓர் ஊழியர் வேலை செய்வதுபோல் பாவனை செய்து விளையாட்டுச் செய்தி படிக்கிறார். அவருடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்டர்நெட் கிடைக்கக்கூடாது. மேலாளருக்குக் கிடைக்க வேண்டும். ஊழியர் கெட்டிக்காரர். அவரால் இதை எக்காரணம் கொண்டும் மாற்ற முடியக்கூடாது. விடை தருக.'

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கே பாடம் சொல்கிறாள். அந்த ஊழியனை எனக்குப் பிடிக்கவேயில்லை. பட்டியல் எழுதி அவனை வெட்டினேன். ரௌட்டர் பக்கமே அவன் வர முடியாதபடி வழிகளை அடைத்தேன். அவன் கூப்பிட்டால் ரௌட்டர் 'ம்' என்றுகூடச் சொல்லாது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'ஆள் நேரில் வந்து ரௌட்டரைத் தொட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட முடியும். ஆகவே அதைப் பூட்டி வைக்கவும்.'

"இத யாராலயும் உடைக்க முடியாதா?" என்றாள்.

"என்னாலயே முடியாது."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மேட்ச். ஸ்கோர் சன்னலைத் திறந்தேன். வெள்ளைத் திரை. ரௌட்டரைக் கூப்பிட்டேன். பதிலில்லை. கீழே ஓடினேன். ஹாலில் ரௌட்டர் இருந்த இடத்தில் தூசிதான் சதுரமாக இருந்தது. என் நீல ஒயர் நேராகப் படுக்கையறைக்குப் போய், இரும்பு பீரோவின் கதவிடுக்கில் நுழைந்து மறைந்திருந்தது. சாவி அவள் இடுப்பில். அவளோ பள்ளி வேலைக்கென்று ஹாலில் வைத்திருந்த தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜோதி, இன்னா பண்ண?"

"உங்க விடையத்தான் போட்டேன். நம்பரை மட்டும் மாத்தி. பத்தாங்கிளாஸ் பசங்களே செய்வாங்க."

"உனக்கு மட்டும் நெட் வருதா?"

"மேலாளருக்கு வரணும்னுதானே கேள்வி? மூணு விக்கெட் போயிடுச்சு, போய்ப் படிங்க."

விடிந்தால் பாகிஸ்தான், பொழுது போனால் மாமல்லபுரம். நடுவில் நான். இந்தப் பூட்டை உடைத்தே தீருவது என்று உட்கார்ந்தேன். நான் கட்டிய கோட்டையில் எங்கேயாவது ஓட்டை விட்டிருப்பேன். மேசைக்கடியில், நீல ஒயரையும் என் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஹப் என்ற பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால் ஒயரில் குற்றமில்லை. குற்றம் விதியில். கம்ப்யூட்டரின் முகவரியை மாற்றி மாறுவேடத்தில் போனேன். மௌனம். மேலாளரின் முகவரியையே திருடிப் பார்த்தேன். மௌனம். என் விடை அவ்வளவு கச்சிதம். புத்தகத்தில் நான் தாண்டிப்போன அத்தியாயங்களுக்குத் திரும்பினேன். வரிவரியாகப் படித்தேன். என்னை நானே துரத்தினேன், என்னிடமே தோற்றேன். சாப்பாட்டில் உப்பில்லை என்பதுகூடத் தெரியவில்லை.

கீழிருந்து அவ்வப்போது ஒரு குரல் வரும். "ரெண்டு ஃபோர்." கொஞ்ச நேரம் கழித்து, "அவுட்டு."

பரீட்சைக்கு முதல்நாள் துரை டேப்போடு வந்தான்.

"மாமா, கொஞ்சம் நில்லு. யூனிபாரம் அளவெடுக்கணும்."

"நான் இன்னும் எழுதவே இல்லடா."

"அதான் மாமா, அளவு மட்டும். தைக்கறதுக்கு முன்னால ரிசல்ட் வந்துடும்ல." என் தோளைச் சுற்றி டேப் போட்டான். ஜோதிலட்சுமி தடுக்கவில்லை.

பரீட்சை அறையில் ஏசி பல்லைக் கிட்ட வைத்தது. எனக்கு வேர்த்தது. பாதிக்கு மேல் பட்டியல் புதிர்கள். ஒவ்வொன்றிலும் எவனோ ஒருவன் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். எந்த வரி அவனைத் தடுக்கிறது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவன் துக்கம் என் துக்கம். கடைசி பட்டனை அழுத்தினேன். திரை யோசித்தது. துரை என் தோளுக்கு மேல் டேப் பிடித்து நிற்பது போலவே இருந்தது. பிறகு வந்தது: தேர்ச்சி.

ஊர் திரும்பும்போது ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் ரயில் சன்னலில் என்னைப் பார்த்து ஓடின. அரைக் கிலோ மைசூர்பாகோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"பாஸ். சாவியக் குடு."

அவள் முகம் மலர்ந்தது. மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தாள். பீரோவைத் திறந்தேன்.

ரௌட்டர் இருந்தது. அதன் கரண்ட் ஒயர் அழகாகச் சுருட்டப்பட்டு, ரப்பர் பேண்டு போடப்பட்டிருந்தது. என் நீல ஒயரின் முனை எதிலும் செருகப்படாமல், மயில்கழுத்துப் பட்டுப்புடவை மேல் தலை சாய்த்துப் படுத்திருந்தது.

"என் விடையப் போட்டதா சொன்னியே?"

"அதுல ஒரு வரிதாங்க எனக்குப் புரிஞ்சுது. பூட்டி வைக்கவும்னு. பூட்டிட்டேன்."

"நெட்டு?"

"அன்னிக்கே எல்லப்பனக் கூப்ட்டு புடுங்கச் சொல்லிட்டேன். பீரோவுக்குள்ள கரண்ட் ஒயரு போவலையேன்னு நீங்க கேப்பீங்கன்னு பயந்துகினு இருந்தேன். நல்லவேளை, கேக்கல."

"அப்ப ஸ்கோரு?"

"லதா வூட்டு டிவி சமையக்கட்டு வரைக்கும் கேக்குதே. நான் கொஸ்டின் பேப்பர்தான் அடிச்சுகினு இருந்தேன்."

நீல ஒயரின் முனையைக் கையில் எடுத்தேன். ஹப்பில் எரிந்த பச்சை விளக்கு என் கம்ப்யூட்டருக்காக மட்டும் எரிந்திருக்கிறது.

"அப்ப இத்தினி நாளா நான் எதோட மல்லுக்கட்டிகினு இருந்தேன் ஜோதி?"

அவள் மைசூர்பாகைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"சிலபஸோட."