ஏரியை மறித்த எருமைக்கு ஒரு பொன்னாடை

"இன்னும் ஒரே வருசம் மச்சான். லாரி கொட்டுற கொட்டுல ஏரி மேடாயிரும். இப்பவே ஒரு மனை பிடிச்சுப் போட்டுரு."

ஒரு காட்டில், ஏரிக்கரையோரம் போன இரண்டு உடும்புகள் இப்படிப் பேசிக்கொண்டன. மூக்கும் காதும் மட்டும் வெளியே தெரியத் தண்ணீரில் கிடந்த சுகந்தி என்ற எருமைக்கு அது கேட்டுவிட்டது.

சுகந்தி சட்டென்று தலையைத் தூக்கியது. அதற்கு உலகத்தில் இருந்த ஒரே சுகம் அந்த ஏரிதான். கறுத்த தோல், கொஞ்சம் வெயில் பட்டாலே எரியும். மானைப் போல நிழலுக்கு நிழல் தாவவும் வராது, யானையைப் போல மேலே தண்ணீரைப் பீய்ச்சிக்கொள்ளவும் வராது. ஏரி போனால் எங்கே போய்க் கிடப்பது?

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும் சுபாவம் அதற்கு. இருந்தாலும் மறுநாளே போய் ஏரிப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தது. மயில் தலைவர், கிளி செயலாளர்.

"வாங்க, வாங்க! இது விழிப்புணர்வு வாரம்," என்றது கிளி. "நீங்க மீன்களுக்கு கிளாஸ் எடுங்க. தலைப்பு, தண்ணீரின் அவசியம்."

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டே பாடம் நடத்தியது. முடிந்ததும் ஒரு கெண்டைக்குஞ்சு கேட்டது: "டீச்சர், இதை எங்களுக்கு எதுக்குச் சொல்றீங்க? லாரிக்காரங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கிளாசுக்கு வர்றதில்லையே கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை தன்னார்வ விலங்குகள் கரையைச் சுத்தம் செய்தன. குரங்கு ஒரு பிஸ்கட் கவரைப் பொறுக்கியது. போட்டோ சரியாக விழவில்லை என்று மயில் சொன்னதால், அதைக் கீழே போட்டுவிட்டு மறுபடி பொறுக்கியது. பிறகு எல்லாமாகப் போய் சிங்கராஜாவிடம் மனுக் கொடுத்தன. சிங்கம் மனுவை வாங்கிப் பின்னால் நின்ற கரடியிடம் கொடுத்தது. கரடி தனக்குப் பின்னால் நீட்டியது. அங்கே யாரும் இல்லை.

லாரிகள் மட்டும் நிற்கவில்லை. நகரத்தில் இடித்த வீடுகளின் செங்கலையும் சிமென்ட் கட்டியையும் கொண்டுவந்து ஏரியில் கொட்டின. கான்ட்ராக்டர் நரி. லாரி வர இருந்தது கரைமேல் போன ஒற்றை வண்டித்தடம்தான்.

ஒருநாள் குழுக் கூட்டம் முடிந்து வேகாத வெயிலில் வந்த சுகந்தி, வழக்கமாக இறங்கும் துறை முழுக்கச் செங்கல் குவிந்து கிடப்பதைப் பார்த்தது. சுற்றிப் போகத் தெம்பில்லை. லாரிச் சக்கரம் பறித்த பள்ளத்தில் சேறு இருந்தது. தடத்தின் குறுக்கே அதிலேயே படுத்துவிட்டது.

லாரி வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் காட்டுப்பன்றி தலையை நீட்டியது.

"அக்கா, கொஞ்சம் நகருங்கக்கா."

"வெயில் தாழட்டும் தம்பி."

"லோடு இருக்குக்கா. மொதலாளி திட்டும்."

"நீயும் வந்து படேன். சேறு குளுகுளுன்னு இருக்கு."

பன்றி சேற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. எருமைமேல் ஏற்றினால் லாரிதான் கவிழும் என்று அதற்குத் தெரியும்.

மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. லாரிகள் வரிசைகட்டி நின்றன. "மாபெரும் மறியல்!" என்று கிளி காடெங்கும் கத்திக்கொண்டே பறந்தது.

"மறியல் எல்லாம் இல்லீங்க. தோல் எரியுது," என்று சுகந்தி சொன்னதை யாரும் கேட்கவில்லை.

நரி திட்டவில்லை, மிரட்டவில்லை. நேராக மயிலிடம் போனது. "தலைவரே, அந்த அக்காவுக்கு நாம ஏதாவது செய்யணும். மலையடிவார மண்டபத்துல பாராட்டு விழா வெச்சுப் பொன்னாடை போர்த்துங்க. மைக், பந்தல், சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. ராஜாவையே கூப்பிடலாம்."

மயிலுக்குத் தோகை தானாக விரிந்தது.

"மேடைன்னாலே எனக்குக் காலு நடுங்குங்க. இங்கயே குடுத்துருங்களேன்," என்றது சுகந்தி.

"சேத்துல வெச்சு எப்படிங்க பொன்னாடை போர்த்துறது?" என்றது கிளி.

விழா நாளன்று சுகந்தி எழுந்து போனது. சிங்கத்துக்கும் நரிக்கும் நடுவில் அதை உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தின. பாதி முதுகுக்குத்தான் எட்டியது. மயில் பேசியது. கிளி பேசியது. கிளி விட்டதை மயில் மறுபடி பேசியது. நடுவில் நரியின் போன் அடித்தது.

"மொதலாளி, வழி காலி. கொட்ட ஆரம்பிச்சாச்சு," என்ற பன்றியின் குரல் சுகந்திக்கும் கேட்டது.

"வேகமா அடி. அக்கா சாயங்காலம் வரைக்கும் இங்கதான்," என்று நரி கிசுகிசுத்தது.

சுகந்தி எழுந்தது. ஏற்புரை என்று நினைத்து எல்லாம் கைதட்டின. அது மைக்கைத் தாண்டி, படியிறங்கி, மண்டபத்தின் ஒரே வாசலுக்குப் போய்க் குறுக்கே படுத்தது. பந்தி போட்டிருந்த பந்தல் வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பிரியாணி வாசனை மட்டும் உள்ளே வந்தது.

"நகருங்கம்மா," என்றது மயில். "அக்கா, மானம் போகுது," என்றது கிளி.

"லாரி திரும்பட்டுங்க," என்றது சுகந்தி, தரையைப் பார்த்துக்கொண்டே.

"எந்த லாரி?" என்றது சிங்கம்.

"அது ஒண்ணுமில்லீங்க ராஜா, சின்ன விஷயம்," என்றது நரி.

"சின்ன விஷயமா? சீக்கிரம் முடி. பசி வந்துட்டா பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு நான் பாக்கறதில்ல."

நரி தான் நின்ற இடத்தைப் பார்த்தது. பிறகு போனை எடுத்து, "டேய், கொட்டுனதை எல்லாம் அள்ளிக்கிட்டு வண்டியைத் திருப்புடா," என்றது.

நீதி: ஏரிக்குப் போகும் வழியை மறித்தால் விருது கிடைக்கும், சாப்பாட்டுக்குப் போகும் வழியை மறித்தால் ஏரி கிடைக்கும்.