பளிங்குக் குழந்தைக்கு வைத்த பொட்டு

பிள்ளை பெற்ற பிறகு என் கைகள் என்னைக் கேட்டு நடப்பதில்லை. எங்கே மூக்கு வடிந்தாலும் துடைக்கும், அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூக்காக இருந்தாலும். இந்த வியாதியால் பினாங்கில் என் கணவரின் உத்தியோகத்துக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இவர் ஒரு வெள்ளைக்கார துரையின் ஆபீசில் கிராணி, நம்மூர்ப் பேச்சில் குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தச் சமயம் பார்த்து, சீமையிலிருந்து பேர்பெற்ற ஓவியங்களும் சிலைகளும் வந்து ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. எல்லாம் துரையின் மனைவி செய்த ஏற்பாடு. கிராணிகள் குடும்பத்தோடு வர வேண்டுமாம்.

"பேசாம நில்லு. துரைசாணியைப் பார்த்தா கும்பிடு. வேற ஒண்ணும் செய்யாதே," என்றார் இவர். (கும்பிட்டதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை ஏது?)

உள்ளே தேர்த்திருவிழாக் கூட்டம். ஓவியங்களை நான் எங்கே பார்த்தேன்? பல ஜாதி முதுகுகளைத்தான் பார்த்தேன். இடுப்பில் எட்டு மாதக் காமு. பினாங்கிலேயே பிறந்த பக்கத்து வீட்டு முனியம்மாக்கா என்னைப் பின்னாலிருந்து நெட்டிக்கொண்டே வந்தார்.

"நேரா போ லா தங்கச்சி! அங்கதான் கூட்டம் சாஸ்தி. என்னமோ நல்லதா இருக்கும்!"

கூட்டத்தின் நடுவே பளிங்கில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கொழுகொழுவென்று கன்னம். நூறு கண்கள் அதை விழுங்கின. அவற்றில் நாலைந்து திரும்பிக் காமுவையும் பார்த்தன. மடியிலிருந்த மைச்சிமிழை எடுத்து அவள் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். விரலில் மை மிச்சமிருந்தது. எதிரே, இத்தனை கண் பட்டும் பொட்டில்லாத பிள்ளை. கை நீண்டது. வைத்துவிட்டேன்.

"அடி ஆத்தே! அது கல்லு லா!" என்றார் முனியம்மாக்கா.

முந்தானையால் துடைத்தேன். விளக்கெண்ணெயில் குழைத்த மை. துடைக்கத் துடைக்கப் பரவியது. பொட்டு, தாடியாயிற்று.

சீக்கியக் காவலாளி ஓடிவந்தார். பக்கத்தில் நின்ற சீன அம்மாளின் கையில் கறுப்புக் குடை. அதன் சாயம் என்று நினைத்தாரோ என்னவோ, அவளைப் பிடித்து அதட்டத் தொடங்கினார். நான் வாயைத் திறக்காவிட்டால் இவர் வேலை பிழைக்கும். ஆனால் அவள் இடுப்பிலும் ஒரு குழந்தை. அது உதட்டைப் பிதுக்கியது. மை விரலை உயர்த்திவிட்டேன்.

இவர் முகம் பளிங்கைவிட வெளுத்தது. துரைசாணி வந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் படித்த எட்டாம் வகுப்பு கைகொடுத்தது.

"டூ மச் பியூட்டிபுல், மேடம். எவ்ரிபடி லுக்கிங்."

சாட்சிக்குக் காமுவின் கன்னத்தையும் காட்டினேன்.

அவள் காமுவைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடக்கியது சிரிப்பையா கோபத்தையா என்று இன்றுவரை தெரியாது. சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் கும்பிட்டேன், கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் இவர் ஒரு பலகையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

"வேலை போயிடுச்சாங்க?"

"போகலே. வாசல்ல நாலு பாஷையில அறிவிப்பு வைக்கிறாங்க. தமிழ்தான் முதல்ல, பெரிசா இருக்கணுமாம். அதை என் வீட்டுலேயே எழுதிட்டு வரச் சொல்லிட்டா துரைசாணி."

இவர் எழுத்து கோழிக் கிறுக்கல் என்பதால் தூரிகையை நான் வாங்கினேன். 'தொடாதே' என்று எழுதினேன். மரியாதைக் குறைவோ என்று அழித்தேன். 'தொடாதீர்கள்' என்றேன். யாரைச் சொல்கிறோம் என்று தெரிய வேண்டாமா? கடைசியில், 'தாய்மார்கள் தயவுசெய்து தொடாதீர்கள்' என்று முடிந்தது.

வேலை நிரந்தரமாகிவிட்டது. காமுவுக்கு இப்போது ஏழு வயது. தலைவார நான் சீப்போடு நெருங்கினால் போதும், "தாய்மார்கள் தயவுசெய்து தொடாதீர்கள்!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள்.

"உங்கம்மா எழுதி ஊரே வாசிச்சது அது ஒண்ணுதான்," என்கிறார் இவர். பெருமையாகத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.