பார்க்கிறவன் நிற்கிற இடம்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். மானம் போனாலும் சரி, ஜன்னல் போகக் கூடாது.

எங்கள் வீட்டில் உருப்படியான ஜன்னல் அது ஒன்றுதான். மற்றவை ஜன்னல் என்ற பெயரில் சுவரில் இருக்கும் ஓட்டைகள். ஒன்றைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். இன்னொன்றைத் திறக்கவே முடியாது. ஆனால் இந்த ஜன்னல் வழியே ஒரு முழுத் தெரு தெரியும். தெருக்கோடியில் ஒரு மரம். மரத்துக்கு மேலே தாராளமாக வானம். ஜன்னலுக்குக் கீழே என் மேசை, மேசைக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலி, நாற்காலியில் நான். என் தொழிற்சாலை இவ்வளவுதான்.

தொழில் என்னவென்றால், ஓர் ஓவியப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டிலிருந்தே போட்டு அனுப்பும் பயிற்சிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வது. பூ, முகம், மலை எல்லாம் வராது. அதெல்லாம் பெரிய வகுப்பு. என்னிடம் வருவது வெறும் கோடு. அளவுகோல் இல்லாமல் ஒரு தாள் நிறைய நேர்கோடு. அது தேறினால் பெட்டிகள். தண்டவாளம் தூரத்தில் போய் ஒன்றாகச் சேர்வதுபோல் தெரிகிறதல்லவா? அதே மாதிரி பெட்டியின் விளிம்புகளும் உள்ளே போகப்போக ஒரு புள்ளியை நோக்கிச் சாய வேண்டும். அதற்கு மறைபுள்ளி என்று பெயர். என் மாணவர்கள் பெயருக்கு மரியாதை கொடுப்பவர்கள். அவர்கள் தாளில் அந்தப் புள்ளியை நானே இதுவரை கண்டுபிடித்ததில்லை.

ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். போட்டவர் மூச்சைப் பிடித்துக்கொண்ட இடம் கோட்டில் தெரியும். விட்ட இடமும் தெரியும். 'அலை' என்று நான் பெயர் வைத்திருக்கும் ஒரு மாணவி இருக்கிறாள். அவள் நேர்கோடு போட்டால் அது கடற்கரை. அந்தக் கோட்டின்மேல் மெதுவாக நடக்க ஆரம்பிப்பேன். கால் நனையும். 'கோணல்' என்று இன்னொருவர், ஏதோ அலுவலகத்தில் பெரிய அதிகாரியாம். அவருடைய பெட்டிகளில் ஒரு சுவர் வந்தால் இன்னொரு சுவர் கோபித்துக்கொண்டு போய்விடும். அந்த இடைவெளி வழியே நான் உள்ளே நுழைவேன். தரை சரிந்திருக்கும். வழுக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு புள்ளியில் போய் நிற்கலாம். அங்கே காற்று வரும், போன் வராது. பெட்டிக்குள் இவ்வளவு இடம் இருப்பது அதைப் போட்ட அதிகாரிக்கே தெரியாது.

இதைத்தான் என் மனைவி தூக்கம் என்கிறாள்.

"ஏங்க, தூங்கறீங்களா?"

"வேலை பார்க்கறேன்."

"குறட்டை வந்துச்சே?"

"மூச்சுப் பயிற்சி. கோடு போடறப்போ மூச்சை எப்ப விடணும்னு மாணவர்களுக்குச் சொல்லணும்ல?"

"வாயோரம் என்னமோ வழியுதே?"

"ஈடுபாடு."

"தொடச்சுக்கிட்டுச் சொல்லுங்க. டைப் பண்ணணும்."

எனக்குத் தட்டச்சு ஒற்றை விரலில்தான் வரும். 'வணக்கம்' அடித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் நான் சாய்ந்தபடி சொல்வேன், அவள் அடிப்பாள். அவள் இடம் கதவையொட்டிய பக்கச் சுவரோரம். சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்டூல், எதிரில் கம்ப்யூட்டர், தலைக்கு மேல் பகலிலும் எரியும் பல்ப். கருத்துச் சொல்வதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் பாராட்டு. பிறகு ஒரே ஒரு குறை. கடைசியில் பயிற்சி. பாராட்டு இல்லாமல் குறை சொன்னால் ஆள் ஓடிப்போவான். பயிற்சி கொடுக்காமல் விட்டால் ஆள் தூங்கிப்போவான். பல வருஷ அனுபவத்தில் கண்டது இது.

"அலைக்கு எழுது. உங்கள் கோடுகளில் துணிச்சல் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம். மணிக்கட்டால் இழுக்கிறீர்கள், தோளிலிருந்து இழுங்கள். பேனா முனையைப் பார்க்காமல் கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். இன்னொரு தாள் போட்டு அனுப்புங்கள்."

"அனுப்பியாச்சு. அக்கா வீட்டு மர பீரோ நம்ம வீட்டுக்கு வருது."

"வர... என்னது?"

"பீரோங்க. அக்கா வீடு மாத்தறாங்க. நீயே வச்சுக்கோன்னுட்டாங்க."

அந்த பீரோவை எனக்குத் தெரியும். அதற்குள் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்.

"எங்க வைக்கறது?" என்றேன்.

"வேற எங்க இடம் இருக்கு? ஜன்னல் பக்கம்தான். ஜன்னல் கொஞ்சம் மறையும்."

"கொஞ்சம்னா?"

"முக்கால்வாசி. அதனால என்ன? நீங்கதான் கண்ணை மூடிக்கிட்டே வேலை பார்க்கறவராச்சே."

அப்போது எடுத்ததுதான் மேலே சொன்ன தீர்மானம். அவளை எதிர்த்துப் பேசி நான் ஜெயித்த சரித்திரம் கிடையாது. பேச்சு அவளுடைய மைதானம். ஆனால் என் கையில் பென்சில் இருக்கிறது. பீரோ வந்தால் அறை எப்படி இருக்கும் என்று ஒரு படம் போட்டுக் காட்டினால் போதும். பார்த்ததும் அவளே அலறி, அக்காவுக்குப் போன் போட்டு, பீரோ வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இதுதான் திட்டம். ஓவியன் மனைவிக்கு ஓவியம் தெரியாது என்ற நம்பிக்கையில் தைரியமாக இறங்கினேன்.

அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தேன். தரையிலிருந்து பார்த்தால் முக்காலிகூடக் கோபுரமாகத் தெரியும். பீரோ கேட்க வேண்டுமா? கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அது போதாதென்று, அறையின் கோடுகளை ஒரு புள்ளிக்கு அனுப்பிவிட்டு, பீரோவின் கோடுகளை ரகசியமாக இன்னொரு புள்ளிக்கு இழுத்துவிட்டேன். பீரோ இப்போது நம்மேல் கவிழ்வதுபோல் இருந்தது. நிழல் போட்டேன். நிழலுக்குள் கொஞ்ச நேரம் இருந்தேன். உள்ளே பழைய துணி வாசம். பீரோ கதவு தானாகத் திறந்தது, படி இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் செருப்புச் சத்தம் கேட்டு விழித்தபோது நான் போட்ட படத்துக்கு நானே பயந்திருந்தேன்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சரி, அலறல் உள்ளுக்குள் திரண்டுகொண்டிருக்கிறது என்று காத்திருந்தேன்.

"கோடு ரொம்ப உறுதியா வந்திருக்குங்க" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "அப்படியா?"

"நிழல்கூட நல்லா இருக்கு. ஒரே ஒரு விஷயம்."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தேன்.

"கண்மட்டக் கோடு தரையோட தரையா இருக்கு. இந்த ரூமைப் பார்க்கறது யாரு? எறும்பா?"

"அது வந்து... ஒரு கலைப்பார்வை..."

"பீரோ சுவரை ஒட்டி நேராத்தானே நிக்குது? அப்ப சுவரோட கோடும் பீரோவோட கோடும் ஒரே மறைபுள்ளிக்குத்தானே போகணும்? இது ஏன் தனிக்குடித்தனம் போயிருக்கு?"

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா யாருங்க டைப் பண்றது? கோணல் சாருக்கு மட்டும் இதையே எத்தனை தடவை எழுதியிருக்கேன்!"

நான் தூங்கித் தூங்கிச் சொன்னதையெல்லாம் இவள் விழித்து விழித்துக் கற்றிருக்கிறாள். இது எனக்குத் தோன்றவேயில்லை.

"சரி, பயிற்சி" என்றாள். "நின்னு பார்க்கற கண்மட்டத்துல மறுபடி போடுங்க. முழு ரூமும் தெரியணும், அதனால நல்லா பின்னாடி போங்க. கிட்ட நின்னு போட்டா ஓரமெல்லாம் இழுத்துக்கும்னு நீங்கதான் சொல்வீங்க. அளவு புரியறதுக்கு ஒரு ஆளையும் போடுங்க. மேசை நாற்காலிய மாத்தி வச்சுப் பார்க்கணும்னாலும் பாருங்க. பீரோவுக்கு வேற நல்ல இடம் படத்துல தெரிஞ்சா, ஜன்னலை விட்டுடலாம்."

ஜன்னலை விட்டுடலாம்! அவள் வாயால் வந்த வார்த்தை. எனக்கு உள்ளே மத்தாப்புக் கொளுத்தியதுபோல் இருந்தது. பெண்கள் சீக்கிரம் இரக்கப்பட்டுவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பலகையைத் தூக்கினேன்.

பின்னால் போனேன். இன்னும் பின்னால். அறைக் கதவைத் தாண்டி நடைவழியில், வாஷிங் மெஷினுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் போய் நின்றபோதுதான் முழு அறையும் கண்ணுக்குள் வந்தது. அங்கிருந்து அந்த அறையை நான் பார்த்ததே இல்லை. மத்தியான வெளிச்சம் தரையில் வாசற்படிவரை வந்து படுத்திருந்தது. தரைக் கல்லின் கோடுகள், சுவரின் கோடுகள், கூரையின் கோடுகள் எல்லாம் ஒன்றையொன்று இடிக்காமல் ஜன்னலுக்குள் போய், தெருவுக்குள் போய், கோடியில் இருந்த மரத்தடியில் சேர்ந்தன. என் வீட்டுக்குள்ளேயே ஒரு மறைபுள்ளி இருந்திருக்கிறது. அவ்வளவு அமைதியான ஒன்றை நான் பார்த்து வெகுநாளாயிற்று.

பீரோவைப் பக்கச் சுவரோரம், அவளுடைய ஸ்டூல் இருந்த இடத்தில் நிறுத்தினேன். அச்சாகப் பொருந்தியது. ஜன்னல் முழுசாகத் தப்பியது. என் மேசையைப் போட்டால் அறை நெருக்கடியாகத் தெரிந்து அவள் மனம் மாறிவிடுமோ என்று மேசையை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு அளவுக்கு ஓர் ஆள். ஆள் என்றால் யார்? அவள்தான். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அவளை உட்காரவைத்தேன். கொஞ்சம் காக்கா பிடிப்பதற்காகத்தான் ஆரம்பித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கன்னத்தில் கைவைத்தாற்போல் அவளை வரைந்து, காதோரம் நரைத்த முடியில் வெளிச்சத்தை விட்டபோது, கை தானாக ஓடியது. தோளிலிருந்து ஓடியது. இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நடைவழியில் நின்றுகொண்டு நினைத்தேன். இந்த வயதில் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அவள் படத்தைப் பார்த்தாள். இந்த முறை குறையே சொல்லவில்லை.

"அழகா இருக்குங்க. ஒரு கோடு தப்பில்ல."

"பார்த்தியா, ஜன்னல் மறையவே இல்ல!"

"இல்லவே இல்ல. அப்ப இந்தப் படத்துல இருக்கற மாதிரியே வச்சுடலாமா?"

"தாராளமா!"

"அப்புறம் மாத்தக் கூடாது."

"ஓவியன் வாக்கு!"

"அப்ப கையெழுத்துப் போடுங்க. கையெழுத்துப் போட்டாத்தானே படம் முடிஞ்ச மாதிரி?"

போட்டேன். வால் சுழித்து, கீழே கோடிழுத்து, புள்ளிவைத்துப் போட்டேன். அவள் படத்தை அறைக் கதவில் ஒட்டிவிட்டு, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"ஏய், எங்க எடுத்துட்டுப் போற?"

"படத்துல மேசை எங்க இருக்கு?"

"படத்துல... இல்ல."

"ஜன்னலோரம் யாரு உட்கார்ந்திருக்கா?"

"நீ."

"நீங்க?"

"நான் எப்படிப் படத்துல இருப்பேன்? நான்தானே வரையறவன்!"

"அதைத்தான் கேட்கறேன். எங்க நின்னு வரைஞ்சீங்க?"

"நடையில."

"பார்க்கறவன் நிக்கற இடம் மாறினா படமே மாறிடும்னு எத்தனை பேருக்கு எழுதச் சொல்லியிருக்கீங்க! அந்தப் பக்கம் பிடிங்க. சுவத்துல இடிக்காம."

சுவரில் இடிக்காமல் பிடித்தேன். நானே சொன்ன விதி, நானே போட்ட படம், நானே இட்ட கையெழுத்து. இதற்குமேல் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

இப்போது என் அலுவலகம் நடைவழியில், வாஷிங் மெஷினுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில். மெஷின் சுற்றும்போது அலையின் கோடும் என் கருத்தும் ஒரே மாதிரி நடுங்குகின்றன. கண்ணை மூடினால் மறைபுள்ளிக்குப் பதிலாகச் சோப்பு நுரை வருகிறது. உள்ளே சாய்வு நாற்காலியில் அவள் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, தெருவையும் மரத்தையும் பார்த்தபடி நான் சொல்வதை அடிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் விசைச் சத்தம் குறையும். பிறகு நின்றுபோகும். எட்டிப் பார்த்தால் கன்னத்தில் கை, முகத்தில் வெளிச்சம், மூடிய கண். நான் வரைந்த படம் அப்படியே இருக்கும்.

"தூங்கறியா?" என்றேன் ஒருநாள்.

"வேலை பார்க்கறேங்க."

பக்கச் சுவரோரம் காலியாகக் கிடந்தது. ஸ்டூலும் இல்லை, பல்பும் இல்லை. அங்கே வந்து நிற்க வேண்டியதும் இன்னும் வந்தபாடில்லை.

"ஏம்மா, அந்த பீரோ எப்பதான் வருது?"

"அதை அக்கா போன மாசமே வித்துட்டாங்களே" என்றாள், கண்ணைத் திறக்காமலே.