ஆபத்தில்லாத புல்

அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் அந்த மாவட்டத்தில் அரசாங்கத்திடம் கைநீட்டும் வழக்கம் யாருக்கும் கிடையாது. தானியக் கிடங்கில் காப்பி குடிக்கும் எந்த விவசாயியைக் கேட்டாலும் இதைச் சொல்வார். பட்டணத்தில் அரசாங்கக் காசில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நினைத்து அங்கே தினமும் காலையில் கவலைப்படுவார்கள். அக்டோபரில் மட்டும் கவலை சற்றுச் சீக்கிரம் முடிந்துவிடும். நிலத்தைச் சும்மா போட்டு வைத்ததற்கான அரசாங்கக் காசோலை அப்போதுதான் தபாலில் வரும்.

வெர்னா ஷ்ராகுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. வீட்டுக்கு மேற்கே கல்லும் சரிவுமாக அவளுக்கு ஒரு புல்வெளி இருந்தது. உலகம் உண்டான நாளிலிருந்து அதில் ஏர் பட்டதில்லை. வசந்தத்தில் புல்வெளிக் கோழி என்னும் காட்டுப் பறவைகள் அங்கே இணை தேடிக் கூடி ஆடும். கணவன் இறந்த பிறகு நிலவரி கட்ட முடியாமல், அதை விற்றுவிடலாமா என்ற நிலை வந்தபோது, மண் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலர் கர்டிஸ் நல்ல பையன். கணினியைப் பார்த்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"உங்க புல்லுல ஒரு குறை இருக்கும்மா. அது நல்லா இருக்கு."

"அதைக் காப்பாத்தத்தானே தம்பி காசு குடுக்கறீங்க?"

"ஆபத்துல இருக்கறதைத்தாம்மா காப்பாத்த முடியும். உழுதிருக்கணும், சில வருஷம் கோதுமை போட்டிருக்கணும், மண்ணு கொஞ்சம் பறந்திருக்கணும். அப்பத்தான் இனிமே உழாதீங்கன்னு நாங்க கெஞ்ச முடியும். உழாதவங்ககிட்ட எப்படிக் கெஞ்சறது?"

பக்கத்து நிலத்து ட்வைட்டை உதாரணம் காட்டினான். ட்வைட் தன் சரிவைக் கடைசி முழம் வரை உழுதவர். அவர் மண் காற்றில் வந்து வெர்னாவின் வேலியை மூடியது. பிறகு அவர் மனம் திருந்தினார். அந்தத் திருந்தலுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் வாடகை கொடுத்து வருகிறது. சிறந்த மண் காவலர் என்று விருதும் கொடுத்திருக்கிறது.

"அவர் மண்ணை என் வேலிதானே தம்பி புடிச்சு வெச்சிருக்கு? அதுக்காவது ஏதாவது உண்டா?"

கர்டிஸ் நியாயமாக யோசித்தான். "அது அவர் மண்ணும்மா."

வெர்னா கலப்பையை வாடகைக்கு எடுத்தாள். கல்லுக்கும் கலப்பைக்கும் நடந்த சண்டையை வேலியோரம் நின்று பார்த்த ட்வைட், இப்போதுதான் அவள் விவசாயி ஆகியிருக்கிறாள் என்று மனமாரப் பாராட்டினார். அடுத்த வசந்தத்தில் கோழிகள் வந்தன. உழவுசாலில் கொஞ்ச நேரம் நின்றன, ஆடாமல் போய்விட்டன. கோதுமை விளையவில்லை. விளையாத கோதுமைக்குக் கிடைத்த பயிர்க் காப்பீட்டில் நிலவரி கட்டினாள். மண், வேண்டிய அளவுக்குப் பறந்தது.

சில வருடம் கழித்துப் பார்வையிட வந்த கர்டிஸுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பிரமாதம்மா. பயங்கரமான நிலைமை."

உதவி அனுமதிக்கப்பட்டது. இம்மண்ணுக்கே உரிய பூர்வீகப் புல்லை விதைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்த விதைதான் எங்கும் கிடைக்கவில்லை.

"இந்தப் பக்கத்துல அது எல்லா வகையும் கலந்து விளையற இடம் ஒண்ணே ஒண்ணுதானாம். விதை எடுக்க ஆள் அனுப்பியிருக்காங்க" என்று கர்டிஸ் அலுவலகத்தின் பழைய வரைபடத்தை விரித்தான். விரித்தவன் அதையே வெகுநேரம் பார்த்தான்.

"எந்த இடம் தம்பி?"

"இங்கதாம்மா."

வேறு மாநிலத்திலிருந்து வேறு ஏதோ புல் வந்தது. அது சொட்டைத் தலையில் மயிர் போல அங்கங்கே முளைத்தது. அந்த ஆண்டின் மண் காவலர் விருது வெர்னாவுக்கு.

விருந்துக் கூடம் நிறைந்திருந்தது. நடந்ததையெல்லாம் ஒலிபெருக்கியில் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் அவள் வந்திருந்தாள். மேடையில் கேடயத்தோடு காசோலை உறையையும் கையில் வைத்தார்கள். எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பலத்த கைதட்டல்.

ஆப்பிள் பை என்ற இனிப்பைப் பரிமாறும்போது, வடக்குப் பக்கத்து கேரிங் தம்பதி நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார்கள். அவர்களிடம் உழாத புல்வெளி சின்னதாக ஒன்று மிச்சமிருந்தது.

"ஏன் வெர்னா, அவ்வளவு கல்லுல எப்படி உழுதே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் கேரிங்.

வெர்னா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை.

"ரெண்டு தடவை ஓட்டணும்" என்றாள். "கலப்பைக்காரன்கிட்ட என் பேரைச் சொல்லுங்க. வாடகையைக் குறைப்பான்."